திண்ணைப் பேச்சில் விஞ்ஞானம்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்து, ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, வக்கீலாகவும் முதன்மந்திரியாகவும் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கிய ராஜாஜி, இத்தனை அலுவல்களுக்கு நடுவே ரசாயன சாஸ்திரத்தைச் சாமானியருக்கு விளக்கித் தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் சூட்டினார். சோதனைச் சாலையையும் கல்லூரி மண்டபத்தையும் விட்டுவிட்டு அவர் திண்ணையைத் தேர்ந்தெடுத்தது வெறும் சாதுர்யம் என்று நான் கருதவில்லை. மூன்று பாஷைகள் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறத்தில் வளர்ந்தவருக்கு, உலகத்துச் செய்தி எதுவானாலும் முதலில் வந்து இறங்குமிடம் எது, அங்கே அதற்கு எப்படிப்பட்ட விசாரணை நடக்கும் என்பதெல்லாம் பிள்ளைப் பிராயம் முதலே பழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தத் திண்ணையைத் தமிழர் திண்ணை என்றனர். கன்னடத்தார் ஜகலி என்றனர். தெலுங்கர் அருகு என்றனர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கங்களில் ஒரே தெருவில் மூவருமே வீடு கட்டி வாழ்ந்தபடியால், மாலை வேளையில் மழை, ராகி, வழக்கு, விவாகம் என்று தொடங்கும் சம்பாஷணை ஒரு வாக்கியத்தில் தமிழாகவும் அடுத்ததில் கன்னடமாகவும் நடந்து, எப்படியோ எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆனால் 'எல்லோருக்கும்' என்று எழுதும்போதே கை தயங்குகிறது. திண்ணையில் அமரும் உரிமை யாருக்கு, தெருவில் நின்று கேட்கும் உரிமை யாருக்கு, அந்தத் தெருவுக்குள் நுழையவும் உரிமையற்றவர் யார் என்பதை ஜாதி நிர்ணயித்திருந்தது. ஸ்திரீகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள். கேள்வி எழுந்தாலும் அது கதவைத் தாண்டி வெளியே வருவது அபூர்வம். திண்ணைப் பேச்சின் சரித்திரத்தைச் சொல்லுகிறவன் இதை மறந்தால், பாதித் தெருவின் சரித்திரத்தைத்தான் சொன்னவனாவான்.

பத்திரிகை என்ற ஒன்று இல்லாத காலத்தில் வான சாஸ்திரச் செய்தியைச் சுமந்து வந்தது பஞ்சாங்கம். இந்தப் பிரதேசத்தில் அது ஒன்றாக வரவில்லை. தமிழர் சித்திரை முதல் நாளில் வருஷம் பிறப்பதாகக் கணக்கிட, தெலுங்கரும் கன்னடத்தாரும் சாந்திரமான முறைப்படி யுகாதியைக் கொண்டாடினர். ஆகவே அடுத்தடுத்த இரு வீடுகளில் இரண்டு வருஷப் பிறப்புகள் நிகழ்ந்தன. இந்த வேற்றுமை ஒருபுறமிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கு ஒரு புதிய வாக்குவாதம் வந்து சேர்ந்தது. பூர்விக வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, தூரதரிசினி கொண்டு கண்ட கிரக நிலைகளை ஆதாரமாகக் கொள்ளும் திருக்கணிதப் பஞ்சாங்கமா, எது மெய் என்பதே அந்த வழக்கு. ஏகாதசி விரதம் இன்றைக்கா நாளைக்கா என்ற சண்டையில் யாரும் யாரையும் ஜயிக்க முடியாது. கிரகணம் அப்படியல்ல. இன்ன நாழிகைக்குச் சந்திரனைச் சாயை பிடிக்கும் என்று அச்சிட்டுவிட்டால், படிக்காத கிழவரும் திண்ணையை விட்டு எழாமலே அண்ணாந்து பார்த்து, எந்தப் பஞ்சாங்கம் பிழைத்தது, எது பொய்த்தது என்று தீர்ப்பளித்துவிடலாம். ஒரு விஞ்ஞான முன்னறிவிப்பைப் பாமர ஜனங்கள் தாமே பரீட்சை செய்யும் சந்தர்ப்பம் அக்காலத்தில் இதைப்போல் வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திருக்கணிதத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களில் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக உழைத்து, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் அங்கத்தினராக ஏற்கப்பட்ட இப்பெரியவர், 1874 டிசம்பர் 9-ஆம் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து செல்லப்போகும் அதிசயத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்தக் கடப்பை நோக்கி, காலங்களைக் குறித்து ஒப்பிட்டால், சூரியன் எவ்வளவு தூரத்திலுள்ளது என்று கணக்கிடலாம் என்பதற்காகப் பல தேசத்துச் சாஸ்திரிகள் கப்பலேறிப் புறப்பட்டுக் கொண்டிருந்த சமயம் அது. அந்த நூலை அவர் முதலில் தமிழில், அதுவும் ஒரு சம்பாஷணையாகவே எழுதினார். வினாவும் விடையுமாக விஷயத்தை விளக்குவதே நம்மவர் கற்பிக்கும் வழக்கம் என்பது அவர் கொள்கை. கன்னடம், உருது முதலிய பாஷைகளிலும் நூல் வந்தது. ஆங்கிலப் பதிப்பில் மட்டும் சம்பாஷணை உருவம் விடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பேச்சுத் துணை தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ! சென்னை ஆகாயத்தைத் தினந்தோறும் அளந்த ஒருவர் தம் வித்தையைத் திண்ணைக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்ட இந்தச் சிரமத்தை, பின்னால் எத்தனையோ விஞ்ஞானப் பிரசாரங்கள் நடந்தும், மிஞ்சியவர் மிகச் சிலரே.

பத்திரிகைகள் பரவிய பிறகு செய்தியின் வேகம் கூடியது; அச்சமும் உடன் கூடியது. 1910-ஆம் ஆண்டு ஹாலி தூமகேது வந்தபோது, பூமி அதன் வாலுக்குள் புகுந்து செல்லப்போகிறது, அந்த வாலில் விஷ வாயு உண்டு என்ற வதந்தி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கியது. தூமகேது தோன்றினால் அரசனுக்குக் கேடு என்று நம்பிய நம் நாட்டில் இரண்டு பயங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் அவ்வாண்டு 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற கவிதையை எழுதினார். வால் மிக மென்மையான வாயுவால் ஆனது, பூமியைத் தீண்டினாலும் தீங்கு நேராது என்று சாஸ்திரிகள் சொல்வதாக அதில் அவர் குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. தாமே கண்டறிந்ததாக அவர் பேசவில்லை. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லுகிறார். செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலு பேருக்கு விஷயம் சொல்லுகிறவரின் தோரணை அது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1916-இல், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையர் என்ற நண்பரும் சேர்ந்து சாஸ்திரப் பதங்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவிப் பத்திரிகையும் நடத்தினர். ஓசூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி மாவட்டம் 1965-இல் பிரிந்த பிறகே அந்தப் பந்தம் அறுந்தது. எனவே தமிழில் விஞ்ஞானம் பேச வேண்டும் என்ற அந்த ஆரம்ப முயற்சியை எங்கள் ஜில்லாக் காரியம் என்று ஓசூரார் சொந்தம் கொண்டாடினால் யாரும் ஆட்சேபிக்க நியாயமில்லை.

சாஸ்திரப் பதம் வருமுன்பே சாஸ்திரத்தின் பலன் எல்லைக்கு அப்பால் வந்துவிட்டிருந்தது. மைசூர் சமஸ்தானம் 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பியது. 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின் விளக்கு எரிந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான்; சந்தைக்கு வண்டி கட்டிப் போனவர் எண்ணெயும் திரியும் இல்லாத விளக்கைக் கண்டுவந்து ஊரில் சொல்லியிருப்பார், கேட்டவர் பாதி நம்பியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். மின்சாரத்தை எடுத்துவிட்ட தண்ணீரில் சத்து போய்விடும், அதைப் பாய்ச்சினால் பயிர் தேறாது என்ற பேச்சு, வடக்கே பக்ரா அணை கட்டிய காலம் வரையில்கூட, நாட்டின் பல பாகங்களில் உலவியது. நான் அதை மூடத்தனம் என்று தள்ளிவிட விரும்பவில்லை. பாலிலிருந்து வெண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது மோர் என்று அறிந்த குடியானவன், தண்ணீரிலிருந்து ஒன்றை எடுத்தால் தண்ணீரில் ஒன்று குறைய வேண்டுமே என்று கேட்டது தர்க்கத்துக்கு ஒத்த கேள்விதான். குறைவது நீரின் சத்தல்ல, அது விழுந்த உயரத்தினால் பெற்றிருந்த சக்தி மட்டுமே என்று அவனுக்குப் பொறுமையாகச் சொல்லுவார் இல்லாமற் போனதே குறை.

ரயிலும் வந்து போயிற்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் போட்ட சிறு பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது; இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-இல், மூடப்பட்டது. வந்த புதுமை திரும்பிப் போகவும் கூடும் என்ற அனுபவம் இவ்வூருக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

இதற்கிடையில் பேச்சு திண்ணையை விட்டு இறங்கிக் கடைக்கு நடந்தது. 1930-களில் தேயிலை வியாபாரத்தைப் பெருக்க நாடெங்கும் நடத்தப்பட்ட பிரசாரம் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் டீக்கடையைப் பெருக்கியது. 1934-இல் 'தினமணி'யும் 1942-இல் 'தினத்தந்தி'யும் தோன்றின. பின்னது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் நடையைக் கைக்கொண்டது. பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டு அபிப்பிராயம் சொல்லும் புதிய சபை கூடியது. அதிலும் எல்லோருக்கும் சம ஆசனம் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைத்திருந்த கொடுமை நெடுங்காலம் நீடித்தது. ஆயினும் அகலமாகச் சாலையைப் பார்த்துத் திறந்திருந்த கடையில், உரக்க வாசித்த செய்தியை மட்டும் தனிக் குவளையில் ஊற்றிக் கொடுக்க முடியவில்லை.

அந்தச் சபைக்குக் கிடைத்த விருந்துகளில் பெரியது ஆகாயத்திலிருந்து வந்தது. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யர்கள் ஏவிய ஸ்புட்னிக், 83.6 கிலோ எடையுள்ள ஓர் உலோகக் கோளம். சுமார் 96 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்தது. அந்தி வேளையில் நகரும் ஒளிப்புள்ளியைக் கண்டு ஸ்புட்னிக்கைப் பார்த்துவிட்டோம் என்று உலகெங்கும் ஜனங்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் அவர்கள் பெரும்பாலும் கண்டது அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் உடலையே. 1969 ஜூலை 21-ஆம் தேதி காலை, நம் கடிகாரப்படி எட்டரை மணி சுமாருக்கு, ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தபோது வானொலிதான் நமக்குக் கண்ணாக இருந்தது. அம்மாவாசையன்று எங்கே போய் இறங்குவார்கள் என்ற கேள்வி முதல், சந்திரனை மிதித்தபின் பௌர்ணமி பூஜை செல்லுமா என்ற கேள்வி வரை எழாத சந்தேகமில்லை. 1979 ஜூலை 11-ஆம் தேதி ஸ்கைலாப் விழுந்ததோ வேறு ரசம். சுமார் 77 டன் எடையுள்ள அந்த விண்கூடம் எங்கே விழும் என்று அமெரிக்க நிபுணர்களாலேயே திட்டமாகச் சொல்ல முடியாதபோது, டீக்கடை நிபுணர்கள் தத்தம் ஊரையே குறிப்பிட்டது இயல்புதான். அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின.

இந்தப் பேச்சுக்களில் பிழைகள் மலிந்திருந்தன. அதைப் பற்றி எனக்கு மனஸ்தாபம் இல்லை. டீக்கடையில் பிழையாகப் பேசுவதற்கு அபராதம் கிடையாது, ஆகவே கேள்விகள் தடையின்றி வந்தன. வகுப்பறையில் அம்மாவாசைக் கேள்வியைக் கேட்ட பையன் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருப்பான். என் மனத்தாங்கல் வேறு. ஸ்புட்னிக்கும் அப்போலோவும் ஸ்கைலாபும் யாரோ எங்கோ செய்து அனுப்பிய காரியங்கள். நாம் பார்வையாளராக இருந்து வியந்தோம், அல்லது பயந்தோம். 1975 ஏப்ரல் 19-ஆம் தேதி சோவியத் மண்ணிலிருந்து மேலெழுந்த ஆரியபட்டா, ஓசூரிலிருந்து ஒரு காலைப் பயண தூரத்திலுள்ள பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில், யு. ஆர். ராவ் தலைமையில் இளைஞர்கள் பூட்டிய செயற்கைக் கோள். பக்கத்து ஊர்க் கொட்டகையிலும் விண்கலம் செய்யலாம் என்ற செய்தியின் முழு அர்த்தம் ஓசூருக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

விளங்க வைத்தது சிப்காட். 1970-களில் மாநில அரசு இங்கே தொழில் வளாகம் அமைத்து நிலமும் நீரும் மின்சாரமும் ஏற்பாடு செய்தது. 1980-இல் அசோக் லேலண்டு லாரிகளும், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டுகளும் ஓசூரிலிருந்து புறப்படலாயின. இருவர் ஏறிச் செல்லத்தக்க அந்தச் சிறு வண்டி இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் கொண்டது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். எவ்வளவு கலப்பது, அதிகமானால் புகை ஏன், குறைந்தால் பிஸ்டன் ஏன் பிடித்துக்கொள்கிறது என்று கடையில் தர்க்கம் நடந்தால், அதைத் தீர்க்கப் பத்திரிகையைப் புரட்ட வேண்டியதில்லை; பெஞ்சின் மறு ஓரத்தில் முதல் ஷிப்டு முடிந்து வந்து டீ குடிப்பவரே அந்த பிஸ்டனை நேற்று கையில் ஏந்தியவராக இருப்பார். ஐ.டி.ஐ. படித்த பையன்கள் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பழகியவர்கள். மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து அதில் ஒரு பங்குக்காகச் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கியவர்கள். அவர்கள் வாயில் விஞ்ஞானச் செய்தியின் தொனியே மாறிவிட்டது. ஆச்சரியம் குறைந்தது, 'அதற்கு டாலரன்ஸ் எவ்வளவு?' என்ற கேள்வி அதன் இடத்தில் உட்கார்ந்தது.

இம்மாறுதலின் உச்சம் கைக்கடிகாரத்தில் நிகழ்ந்தது என்பேன். டாடா நிறுவனமும் மாநில அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை கட்டி, சுற்றுவட்டாரத்துக் கிராமப் பள்ளிகளில் படித்து வந்த இளைஞரையும் யுவதிகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் சூட்சுமம் ஒரு பளிங்குத் துணுக்கில் இருக்கிறது. பாட்டரியின் மின்சாரம் பட்டவுடன் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த விசித்திரமான எண்ணை இரண்டால் வகுத்து, வந்ததை மீண்டும் இரண்டால் வகுத்து, இப்படிப் பதினைந்து தடவை செய்தால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றுதான் விநாடி முள்ளின் ஓர் அடி. கணக்குப் பாடத்தில் இரண்டின் அடுக்குகளை எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமலே படித்துத் தொலைத்தவர்களுக்கு, அதன் பிரயோஜனம் மணிக்கட்டில் ஓடக் கண்டது சாமானியமான அனுபவமல்ல. வெளியிலிருந்து பெற்ற தொழில்நுட்பத்தோடு தொடங்கிய ஆலை 2002-இல் 3.5 மில்லிமீட்டர் கனமே உள்ள 'எட்ஜ்' கடிகாரத்தை வெளியிட்டது. அதனுள்ளிருந்த யந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்.

ஆலைக்குள் இன்னொரு காரியமும் நடந்தது. கேன்டீன் மேஜை யார் எந்த ஜாதி என்று கேட்டு இடம் ஒதுக்கவில்லை. தட்டும் குவளையும் ஒரே அலமாரியிலிருந்து வந்தன. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பாட்டியின் பேத்தி உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, இடுக்கியால் கடிகாரச் சக்கரத்தைப் பொருத்தினாள். அது ஏன் சரியாகப் பொருந்தவில்லை என்று பேசும் அதிகாரம் அவளுக்கே இருந்தது. ஜாதி ஊருக்குள் அப்படியே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தத்தம் தெருவுக்குத்தான் நடந்தார்கள்.

எழுத்துலகம் தன் பங்கைச் செய்யாமலில்லை. வக்கீல் தொழிலோடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானக் கட்டுரை எழுதிய பெ. நா. அப்புசுவாமி, கோயம்புத்தூரிலிருந்து வந்த 'கலைக்கதிர்', 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், அது சிறுவர்களுக்காக நடத்தும் 'துளிர்' என்று ஒரு பரம்பரை உண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கியபோது, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் பேசிற்று. அதைவிட ருசியான விஷயம் ஒன்று பழைய சேலம் ஜில்லாவுக்குள்ளேயே கிடந்தது. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை, சந்திரனின் மேட்டு நிலப் பாறையை ஒத்திருப்பதால், அதைப் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய், செயற்கை நிலாத் தரை அமைத்து, கலம் இறங்குவதையும் ஊர்தி உருள்வதையும் விஞ்ஞானிகள் ஒத்திகை பார்த்தார்கள். சந்திரனை மிதித்தால் பூஜை செல்லுமா என்று ஒரு தலைமுறை கேட்டது. மறு தலைமுறை சந்திரனுக்கு ஒப்பான மண்ணை லாரி லாரியாக அனுப்பிவைத்தது.

இன்று ஓசூர் டீக்கடைகளில் ஆட்சி செலுத்துவது மின்சார ஸ்கூட்டர். 2021 முதல் ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் வண்டி செய்கின்றன. வெயிலில் நின்ற பாட்டரி தீப்பிடிக்குமா, ஐந்து வருஷம் கழித்து அதை மாற்ற எவ்வளவு ஆகும், பெட்ரோல் வண்டிக்கு உதிரிபாகம் செய்து பிழைக்கும் சிறு பட்டறைகளின் கதி என்ன என்று விவாதம் நடக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்கிறவருக்கு அது விஞ்ஞானச் செய்தி அல்ல, அடுத்த மாதச் சம்பளம்.

ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில், பெரும்பாலும் பெண்களே, ஐபோனின் உலோக உறைகளைச் செய்கிறார்கள். நாம் போன் செய்கிறோம் என்பார் ஒருவர். சில்லு வெளிநாட்டிலிருந்து வருகிறது, சித்திரம் கலிபோர்னியாவில் வரைந்தது, நாம் செய்வது கூடு மட்டுந்தானே என்பார் மற்றொருவர். முதல் டைட்டன் வந்த நாளில் அதன் யந்திர வித்தை பிரான்சிலிருந்து வந்ததென்று இதே வழக்கு இதே ஊரில் எழக்கூடியதாகத்தான் இருந்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் 1.15 மில்லிமீட்டரில் அதற்குப் பதில் கிடைத்தது. சில்லின் கணக்கு அப்படித் தீருமா என்று என்னைக் கேட்டால், கடிகாரத்தின் பற்சக்கரத்தை ஒரு நல்ல டூல்ரூம் தொழிலாளி அளந்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது, சில்லின் கோடுகளோ எந்த மைக்ரோமீட்டருக்கும் அகப்படுவதில்லை என்பேன். இதை ஒப்புக்கொள்ளாத டூல்ரூம்காரர்கள் ஓசூரில் நிறைய உண்டு.